ஒன்பது விளக்கு எரிகிற காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், மாமா

சிதம்பரம்,
வைகாசி மாதம், வியாழக்கிழமை.

மதிப்புக்கும் வணக்கத்துக்கும் உரிய தட்சிணாமூர்த்தி மாமா அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் மச்சானும், மணமகள் மோகனப்பிரியாவின் ஒரே தாய்மாமனுமாகிய திருநாவுக்கரசு கை கூப்பி எழுதுவது. தில்லை நடராசர் தயவில் இங்கே நானும் என் மனைவி இளமதியும் சுகம். மஞ்சக்குப்பத்தில் தாங்களும் குப்பு அக்காவும் கல்யாணப் பெண்ணும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் எனக்குக் கொடுத்த கார் மட்டும் சுகமாக இல்லை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசினால் தாங்கள் இரண்டு முறை “அட வுடு மச்சான்” என்பீர்கள், என் கோபம் பாதியாகிவிடும். மீதியை அக்கா போனை வாங்கி, “சாப்ட்டியாடா?” என்று ஒரே கேள்வியில் கரைத்துவிடும். அதனால்தான் எழுத்தில் வைக்கிறேன். முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். காரைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். இன்னும் பத்து நாளில் நடக்கப்போகிற மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார் வராது. அதை என் தலையில் கட்டியவர் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் வர மாட்டேன்.

போன ஆடியில் தாங்கள் புதுக் கார் வாங்கிய கையோடு, “இந்த வெர்டோனாவ நீயே வெச்சுக்க மச்சான், சும்மா வெச்சுக்க, ஒங்க அக்கா ஆசீர்வாதம்னு நெனச்சுக்க” என்று பழைய காரின் சாவியை என் சட்டைப் பையில் போட்டீர்கள். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் வெர்டோனா கம்பெனி இந்த நாட்டை விட்டே மூட்டை கட்டிக்கொண்டு போன செய்தி பேப்பரில் வந்ததாம். நான் அன்றைக்கு ராசிபலனோடு நிறுத்திக்கொண்டேன். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அப்போதே ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என்னவென்று கேட்டதற்கு, “அது அப்பிடித்தான் எரியும், டிசைன்” என்றீர்கள். முப்பத்திரண்டு வருஷம் தாலுகா ஆபீசில் எத்தனையோ பொய் மனுக்களைப் பார்த்த நான், இந்த டிசைனை நம்பினேன்.

காரை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் தாங்கள் வாயைத் திறக்கவே முடியாது. வெள்ளிக்கிழமை தவறியதில்லை. முகப்பில் கம்பெனிப் பெயருக்குக் கீழே, சரியாக நெற்றி மாதிரியான இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு வழவழவென்று ஒரு கருப்பு வட்டம் இருக்கிறதே, அதில் அக்கா வைத்த பொட்டோடுதான் வண்டி என்னிடம் வந்தது. வெளிநாட்டுக் கம்பெனியாக இருந்தும் பொட்டு வைக்கத் தோதாக இடம் விட்டிருக்கிறானே என்று எனக்கு ஒரே பெருமை. அந்த மங்கலம் கலையக்கூடாது என்று வண்டியைக் கழுவும்போதுகூட வட்டத்தை விட்டுவிட்டுச் சுற்றித்தான் கழுவுவேன். பிறகு அதன்மேலேயே சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சூடம் காட்டிவிட்டுத்தான் எனக்குக் காபி.

இவ்வளவு செய்தும் என்ன நடந்தது? தைப்பூசத்துக்கு வடலூர் ஜோதி பார்க்கக் கிளம்பினோம். சேத்தியாத்தோப்புப் பாலத்தில் ஏறியதும் ‘டிங்’ என்று ஒரு மணி அடித்தது. ஒரு விளக்கு மூன்றானது. ஒன்றில் கார் வழுக்கிக்கொண்டு போகிற படம், இன்னொன்றில் ஒரு கார் வெடிக்கிற மாதிரி படம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இளமதி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னாங்க, ஜோதி இங்கியே தெரியுதே” என்றாள். மனுஷன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறான், இவளுக்குக் கிண்டல். மறுநாளே பரிகாரமாகச் சந்தனத்தை இரண்டு மடங்காக்கினேன். அந்த வாரமே விளக்கு ஐந்தானது.

சர்வீஸ் விடலாம் என்று கடலூருக்கு வந்தேன். தாங்கள் கார் வாங்கிய அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை இப்போது போய்ப் பாருங்கள் மாமா, கட்டில் மெத்தைக் கடை! வாசலில் நின்றவர் மரியாதையாகக் கதவைத் திறந்து, “டபுள் காட்டா, சிங்கிளா சார்?” என்று கேட்டார். சர்வீஸ் எங்கே என்றேன். “ரெண்டு வருசம் ஃப்ரீ சர்வீஸ் சார், வீட்டுக்கே வந்து ஆணி முடுக்கித் தருவோம்” என்றார். எனக்கு மயக்கமே வந்துவிட்டது. கார் நின்று எண்ணெய் மாற்றிய இடத்தில் ஒரு சோபா கிடந்தது, அதில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். நல்ல மனிதர்கள்.

திரும்பி வந்து, சீர்காழி ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் கலியமூர்த்தியிடம் விட்டேன். அவர் பேனட்டைத் திறந்து, காது வைத்துக் கேட்டு, “இஞ்சின் கல்லு மாதிரி இருக்குது சார். மூளைதான் கலங்கியிருக்கு, பேட்டரிய கழட்டி மாட்னா தெளிஞ்சிடும்” என்றார். மாட்டினார். தெளியவில்லை. ஏழு விளக்கு எரிந்தது. அது போகட்டும், அதுவரை இங்கிலீஷில் ‘எரர்’ என்று வெறும் நம்பராகத் திட்டிக்கொண்டிருந்த திரை, வெர்டோனாவின் சொந்த ஊர்ப் பாஷைக்கு மாறிவிட்டது. எழுத்தெல்லாம் ஜாங்கிரி பிழிந்த மாதிரி இருக்கிறது, எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. “இத போன்ல காட்னா தமிழ்ல சொல்லிடும்ங்க” என்றாள் இளமதி. “காருக்கு வந்த வியாதிய மெக்கானிக்குத்தான் காட்டணும், போனுக்குக் காட்டக்கூடாது” என்று அதட்டி உட்கார வைத்தேன்.

அப்புறம்தான் தெரிந்தது, இந்த ஜில்லாவில் நான் ஒருவன் மட்டும் அனாதை இல்லை. காட்டுமன்னார்கோயிலில் ரைஸ் மில் வைத்திருக்கும் கதிரவனிடம் இரண்டு வெர்டோனா இருக்கிறது, ஒன்று ஓட்ட, ஒன்று பிய்த்து மாட்ட. எட்டு வெர்டோனாக்காரர்கள் சேர்ந்து வாட்ஸப்பில் ஒரு குழுவும் வைத்திருக்கிறார்கள், அதில் பெரும்பாலும் ஆறுதல்தான் சொல்லிக்கொள்கிறார்கள். கதிரவனும் என்னைப் போல பக்திமான், அவர் வண்டி நெற்றியில் பொட்டு பளிச்சென்று இருந்தது, உள்ளே ஒன்பது விளக்கு. பிய்த்து மாட்டுகிற வண்டியோ நெல் உமிக்கு நடுவில் கிடந்தது. பொட்டில்லை, பூவில்லை, நாலு டயருமில்லை. பேட்டரி கொடுத்துச் சாவியைத் திருகினால் ஒரு விளக்குகூட எரியவில்லை, அப்படி ஒரு ஆரோக்கியம்! “பாத்தீங்களா, ஓடுனாதான் இதுக்கு ஆவாது” என்று கதிரவன் பெருமூச்சு விட்டார். அதன் மூளைப் பெட்டியைக் கழற்றி என் வண்டிக்கு மாட்டிக் கொடுத்தார். மில் வாசலைத் தாண்டவில்லை, எனக்கும் ஒன்பது.

இதெல்லாம் என்னோடு போயிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் கார்தான் என்று தாங்கள் மண்டபத்தில் சொல்லிவிட்டதால் நேற்று ஒத்திகை பார்த்தேன். ஊர்வலம் என்றால் மேளத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போக வேண்டும் அல்லவா? கீழ வீதியில் ஒரு கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் அதே வேகத்தில் போனேன். ஒன்பது விளக்கும் கண் சிமிட்ட, மணி விடாமல் அடிக்க ஆரம்பித்தது. கடைக்காரர்கள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்டார்கள். “உள்ள யாராச்சும் மாட்டிக்கிட்டாங்களா?” என்று ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு உள்ளே உட்கார்ந்திருக்கும்போது இது நடந்தால்? ஊர்வலம் போகிற திருப்பாதிரிப்புலியூர் முழுக்கப் பார்த்துச் சிரிக்காதா? நாளைக்கு என் மோகனப்பிரியாவை அந்த வீட்டில், “ஒங்க மாமா ஓட்டியாந்த வண்டி” என்று காலத்துக்கும் இடித்துக் காட்ட மாட்டார்களா? நான் தூக்கி வளர்த்த பெண் அவள், மாமா. இவ்வளவும் தெரிந்தே டிசைன் என்று சொன்ன தங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. சீர்வரிசைத் தட்டுகளைப் பஸ்ஸில் அனுப்பிவைக்கிறேன். தாய்மாமன் இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும், கல்யாணப் பெண்ணுக்கு என் மனம் நிறைந்த ஆசியும், அக்காவுக்கு என் வருத்தமும் சேரட்டும். பதில் எழுதத் தேவையில்லை.

இப்படிக்கு,
தங்கள் மச்சானாக இருந்த,
சு. திருநாவுக்கரசு.

பி.கு.: இன்று வெள்ளிக்கிழமை. கடிதத்தை உறையில் போட்டுவிட்டு, திருப்பித் தரப்போகிற காராக இருந்தாலும் முறையை விடக்கூடாது என்று சந்தனக் கிண்ணத்தோடு போனேன். இளமதி காருக்குள் உட்கார்ந்து போனைத் திரைக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அந்தக் கிண்ணத்த கீழ வைங்க மொதல்ல” என்றாள். ஜாங்கிரி எழுத்து போனில் தமிழாக நின்றது: ‘முன்பக்கக் கண் மறைந்துள்ளது. தயவுசெய்து துடைக்கவும்.’ அந்தக் கருப்பு வட்டம் நெற்றி இல்லையாம் மாமா, கண்ணாம்! எதிரே என்ன வருகிறது என்று கார் பார்க்கிற கண். பத்து மாதமாக அதன் கண்ணில் சந்தனத்தை அப்பிக்கொண்டிருக்கிறேன், அதுவும் தயவுசெய்து என்று கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. ஈரத்துணி போட்டு ஊறவைத்து, பழைய ஏடிஎம் கார்டால் மெதுவாகச் சுரண்டினோம். மேல் அடுக்கு என்னுடையது. அடியில் கெட்டியாக, வேறு நிறத்தில் இன்னொரு அடுக்கு, அது அக்காவுடையது. துடைத்துவிட்டுத் தெருக்கோடி வரை ஓட்டியதில் ஒன்பது விளக்கும் ஒவ்வொன்றாக அணைந்தன. கடைசியாகத் தங்கள் டிசைனும் அணைந்தது. கதிரவனுக்குச் சொன்னேன், அவர் வண்டியும் தெளிந்துவிட்டது. குழுவில் காலையிலிருந்து எட்டுப் பேரும் துணியும் கையுமாக இருக்கிறார்கள்.

சற்று முன் அக்காவே போன் செய்து, “சாப்ட்டியாடா?” என்றது. ஆகவே மேலே உள்ளதில் வணக்கத்தையும் ஆசியையும் மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை அடித்துவிடவும். பக்கம் பக்கமாக எழுதிய கை வலிக்கிறது, கிழிக்க மனம் வரவில்லை. தாய்மாமன் இடத்தில் வேறு எவனாவது வந்து நின்றால் நடப்பதே வேறு. மாப்பிள்ளையை நானே ஓட்டி அழைத்து வருவேன். பூ அலங்காரக்காரரிடம் கண்ணை மட்டும் மறைக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். காரைத் திருப்பிக் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

இன்னொன்று. தங்கள் புதுக் காரிலும் போன மாதத்திலிருந்து ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறதாமே, அக்கா சொன்னது. அது டிசைன் இல்லை, மாமா. ஈரத்துணியோடு வாசலுக்குப் போங்கள். அக்கா வைத்த பொட்டைத் துடைக்கத் தைரியம் இல்லையென்றால் சொல்லுங்கள், அந்தக் காரையும் நானே சும்மா வெச்சுக்கறேன்.