கல்லாற்றில் ஸ்டாக் செக்கிங்

என்னை யாரும் கூப்பிடாத ஒரு நாள் எனக்கு வேண்டும். ஒரே ஒரு நாள். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் நான் எடுத்த முதல் தீர்மானம் இது. மற்ற தீர்மானங்களையெல்லாம் எடுத்தது செண்பகவல்லி.

செண்பகவல்லி என் மனைவி. என் பெயர் தாணுமாலையன். கரமனையில் வாடகை வீடு. தம்பானூரில் ஒரு மருந்துக் கம்பெனி டிப்போவில் கிளார்க். காலையில் கண் விழிக்கும்போதே "கேட்டேளா" என்று ஆரம்பிப்பாள். விளக்கு அணையும்வரை நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இந்த ஆசையைக் கிளப்பிவிட்டது ஒரு ஹிப்பி. கோவளத்திலிருந்து வந்தவன் போலிருக்கிறது. முதுகில் ஒரு பை, கையில் பாதி தின்ற நேந்திரம்பழம். தம்பானூர் பஸ் ஸ்டாண்டில், பொன்முடி பஸ் எதுவென்று என்னிடம் கேட்டான். காட்டினேன். ஏறினான், ஜன்னலோரம் உட்கார்ந்தான், போய்விட்டான். அவனை யாருமே "எப்போ வருவேள்?" என்று கேட்கவில்லை. பஸ் போய் ரொம்ப நேரம் கழித்தும் நான் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பஸ்ஸில் போய், வழியில் கல்லாற்றில் இறங்கிக் காட்டுக்குள் நடந்தால் ஒரு அருவி. ஆபீசில் எல்லோரும் பார்த்தாகிவிட்டது, நான்தான் பாக்கி. அன்றிலிருந்து ஆபீஸ் மின்விசிறி எனக்கு அருவியாகக் கொட்ட ஆரம்பித்தது. மானேஜர் திட்டினால் அவர் முகத்துக்கு முன்னால் மெல்லிய சாரல் விழுந்தது. ஒருநாள் அவர் திட்டி முடித்ததும் துண்டை எடுத்துத் தலை துவட்டிக்கொண்டேன்.

திட்டம் போட்டேன்.

"சனிக்கிழமை விதுராவிலே ஸ்டாக் செக்கிங். காலம்பறவே போணும்."

செண்பகவல்லி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"லீவு நாள்லயா?"

"மருந்துக்கு ஏது லீவு?"

"பட்டாளத்துத் தங்கையன் அண்ணன்கிட்ட அந்தப் பெரிய பையை என்னத்துக்கு இரவல் வாங்கினேள்?"

"சாம்பிள் கொண்டு வரணும்லா!"

"செரி. போயிட்டு வாங்க."

அவ்வளவுதான்! சண்டைக்கு மூன்று நாளாகப் பயிற்சி எடுத்து வைத்திருந்தேன், எல்லாம் வீண். அதற்குப் பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கரமனை ஆறு ஒரே கலங்கலாம், பைப்பிலே தண்ணி நூல் கணக்கா வருதாம், ஜமுக்காளமும் கம்பளியும் முடைநாற்றம் அடிக்குதாம். யார் கேட்டது? நான் கல்லாற்றங்கரையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் அடுத்த வீட்டு ஓமனாவின் கிணற்றுக்குப் போன சமயம் பார்த்து, அடுக்களையில் நுழைந்து, காலி இருமல் மருந்துக் குப்பியில் நல்லெண்ணெய் நிறைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆம்பிளை தலையில் எண்ணெய் தேய்க்காமல் அருவிக்குக் கீழே நிற்கமாட்டான். நின்றால் அதற்கு நனைவது என்று பெயர், குளிப்பது ஆகாது. யாரும் பார்க்கவில்லை. அதை உறுதியாகச் சொல்வேன்.

விடிந்ததும் வாசலில் பை தயார். வாய் இறுக்கிக் கட்டியிருந்தது.

"சோறு வச்சிருக்கேன். மத்தியானம் அவுத்தா போதும்."

"என்னட்டி இவ்வளவு கனம்?"

"புளியோதரை, துவையல், நாலு வடை. அலைஞ்சா பசிக்கும்லா."

என் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்டவளிடம் பொய் சொல்கிறோமே, பாவி! நெடுமங்காடு தாண்டும்வரை அழுதேன். அப்புறம் மலைக்காற்று அடித்தது, மறந்துவிட்டேன்.

கல்லாற்றில் இறங்கி நடந்தேன். ஆறு கூடவே வந்தது. உருண்டை உருண்டையாய்க் கல், அடியில் கிடக்கும் இலைகூடத் தெரிகிற தண்ணீர். மரங்களுக்கு நடுவே வெயில் கிழிந்து கிழிந்து விழுந்தது. பை தோளை அறுத்தது. ஆனாலும் என்னை யாரும் கூப்பிடவில்லை. ஒரு பறவை கூப்பிட்டது. எனக்கில்லை. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! நடக்கிறேனா, தூங்குகிறேனா என்றே தெரியவில்லை.

அருவி வந்தது. வெள்ளை வெளேரென்று, யாரையும் லட்சியம் பண்ணாமல் விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் பட்டதும் நான் கிளார்க் இல்லை, புருஷன் இல்லை, ஒன்றுமே இல்லை. அப்படியே பாறையில் உட்கார்ந்து, மடியிலிருந்த குப்பியை எடுத்துத் தலை நிறைய எண்ணெய் தேய்த்தேன். எண்ணெய் ஊற அரை மணி நேரம் வேண்டுமே, அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்று பையை அவிழ்த்தேன்.

மேலே ஒரு ஜமுக்காளம். அதன் கீழே இன்னொரு ஜமுக்காளம். அப்புறம் கம்பளி, இரண்டு போர்வை, ஒரு முழுக்கட்டி துவைக்கிற சோப்பு. சோப்பில் சுற்றியிருந்த காலண்டர் தாளில் செண்பகவல்லியின் கையெழுத்து:

"சோறு எல்லாத்துக்கும் அடியில். முதலில் துவைக்கவும்."

அருவிச் சத்தம் சட்டென்று நின்றுபோன மாதிரி இருந்தது. துவைக்காமலே திரும்பிவிட்டால் என்ன? என்ன பண்ணிவிடுவாள்? வீரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். யோசனை முடிவதற்குள் கை பாட்டுக்குச் சோப்பு போட ஆரம்பித்திருந்தது. பதினோரு வருஷப் பழக்கம்.

அருவிக்குச் சற்றுக் கீழே, ஓடுகிற தண்ணீரில் அடித்துத் துவைத்தேன். எண்ணெய் காதோரம் வழிந்தது. பக்கத்துப் பாறைக்கு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். முதுகில் பை. என் சோப்பைச் சைகையில் கேட்டான். கொடுத்தேன். தன் சட்டையை இரண்டே நிமிஷத்தில் கசக்கிக் காயப்போட்டுவிட்டு, மல்லாந்து படுத்துத் தூங்கிப்போனான். ஒரு சட்டை. அவ்வளவுதான் அவன் குடும்பம். எனக்கு வயிறெரிந்தது.

கம்பளி மட்டும் ஒரு மணி நேரம் வாங்கியது. புளியோதரையை வாயில் அடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் மணி மூன்று. நாலு மணி பஸ்ஸை விட்டால் வீடு போய்ச் சேர முடியாது. ஈரப் பையைத் தூக்கினேன். காலையில் இருந்த கனத்துக்கு இரண்டு மடங்கு. இருபது அடி தூரத்தில் அருவி விழுந்துகொண்டிருந்தது. அதன் கீழே நான் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. அழுகை வந்தது. இந்தத் தடவை எனக்காகவே அழுதேன்.

வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"ஸ்டாக்கெல்லாம் செரியா இருந்துதா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மருந்து எண்ணப் போறவருக்கு நல்லெண்ணெய் என்னத்துக்கு? பாத்திரத்திலே எண்ணெய் ரெண்டு விரக்கடை இறங்கிக் கிடந்துதே."

"சோத்துக்கு மேலே இதையெல்லாம் வச்சது எதுக்கு?"

"எண்ணெய் ஊற உக்காருவேள். சும்மா உக்காந்தா உங்களுக்குப் பசிக்கும். பையை அவுப்பேள். எனக்குத் தெரியாதா?" ஈரப் பையை என் தோளிலிருந்து இறக்கினாள். "ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நானும் வந்திருப்பேன். நான் மட்டும் அருவி பாத்திருக்கேனா?"

எனக்குச் சுருக்கென்றது. யாரும் கூப்பிடாத நாளைத் தேடி நான் போனேன். இவள் யாராவது கூப்பிடமாட்டார்களா என்று இருந்திருக்கிறாள்.

"அடுத்த சனிக்கிழமை சேர்ந்தே போவோம், செம்பகம்."

அவள் முகம் மலர்ந்தது. "மெய்யாவா? செரி, குளிச்சிட்டு வாங்க. ஓமனா கிணத்துலே தண்ணி எடுத்து வெந்நி போட்டு வச்சிருக்கேன். அங்கே உங்களுக்குக் குளிக்க எங்கே நேரம் கிடைச்சிருக்கும்!"

குளியலறையில் கண்ணை மூடிக்கொண்டு செம்பு செம்பாக ஊற்றிக்கொண்டேன். சூடான அருவி. அடுத்த சனிக்கிழமை அவளும் நானும் சாரலில் நிற்கிறோம், பை இல்லை, சோப்பு இல்லை...

கதவுக்கு வெளியே குரல் கேட்டது.

"கேட்டேளா, அப்போ ரெண்டு பையா வாங்கிட்டு வந்துருங்க. எதிர்வீட்டு லலிதாம்பா மாமியோட ஜமுக்காளமும் துவைக்க வந்தாச்சு. நான் பாறையிலே உக்காந்து அருவி பாத்துக்கிட்டிருப்பேன்."