கவிழ்த்த குடத்தின் மேல் ஒரு பிரளயம்

அன்று தண்ணீர் லாரி வந்தபோது எங்கள் சந்தில் இருந்தவர்கள்: பக்கத்து வீட்டுக் கன்னியம்மா அத்தை, அவருடைய இரண்டு மருமகள்கள், இஸ்திரி வண்டிக்காரர், மந்தைவெளிக் கால்வாய் ஓரத்தில் குடம் என்று ஒன்றை வைத்திருந்த மற்ற அத்தனை பேரும். இல்லாதவர்கள்: மீன்பாடி வண்டியோடு வெளியே போயிருந்த நைனா, அடையாறில் வீட்டு வேலைக்குப் போயிருந்த அம்மா, அரை நாள் ஷிஃப்டுக்குப் போயிருந்த அக்கா, அப்புறம் நான். (என் உடம்பு அங்கேதான் இருந்தது, வரிசையில் மூன்றாவதாக. அதைக் கணக்கில் சேர்க்க அம்மா இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.)

என் முதல் மாயாஜால நாவல் போன மாதம் வெளிவந்தது. "எப்படி எழுதுறீங்க?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். (வாசித்தவர்களே இரண்டு பேர்தான்.) "கற்பனை தானா ஊறும் சார்" என்று சொல்லிவைத்தேன். கூசாமல் சொன்ன பொய். எதுவும் ஊறவில்லை. நடந்தது இதுதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தத் தகுதியில் எனக்குக் கிடைத்த வேலை, காலேஜ் லீவில் குடங்களுக்குக் காவல். கோடையில் லாரி எப்போது வரும் என்று அதை ஓட்டுகிறவருக்கே தெரியாது. விடியும்போதே குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. குடம் நிமிர்ந்து நின்றால் அந்த வீடு வரிசையில் இருக்கிறது. கவிழ்ந்திருந்தால் இன்று அந்த வீட்டுக்குத் தண்ணீர் வேண்டாம், அடுத்தவர் தாண்டிப் போகலாம். எங்கள் சந்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். காலேஜில் படிக்கிறவனுக்குத்தான் மறந்துபோனது.

காவல் நேரத்தில்தான் நாவல் வளர்ந்தது. கடலுக்கடியில் ஏழு வாசல் கொண்ட ஒரு ராஜ்ஜியம். என் நாயகன் ஆறாவது வாசலைத் தாண்டிவிட்டு ஏழாவதன் முன்னால் பல வாரமாக நின்றுகொண்டிருந்தான். அதை எப்படித் திறப்பது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அன்று காலை சட்டென்று பொறி தட்டியது. திறக்கவே வேண்டாம், பிரளயம் வந்து உடைக்கட்டும்! தொடையில் வைத்து எழுதினால் தாள் கிழிந்தது. நான்கு குடங்களையும் கவிழ்த்து நெருக்கி வைத்தேன். இரண்டின் மேல் பரீட்சை அட்டை, இரண்டின் மேல் எழுதி முடித்த தாள்கள். அருமையான மேஜை.

அன்று மாலை அக்காவைப் பெண் பார்க்க வேளச்சேரியிலிருந்து வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மாப்பிள்ளை, அக்கா வேலை செய்த துணி எக்ஸ்போர்ட் கம்பெனியிலேயே கட்டிங் மாஸ்டர். இரண்டு பேருக்கும் ஏற்கெனவே பிடித்துப்போயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி.

"டேய், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஒழுங்கா தண்ணி புடிச்சிக் குடுத்துடுடா" என்று காலையில் அக்கா கெஞ்சியிருந்தாள். அவள் யாரிடமும் கெஞ்சுகிறவள் இல்லை.

லாரி வந்தது. வழக்கமாக அந்த வரிசையில் கொலை விழாத குறையாக இருக்கும். அன்று சத்தமே இல்லை. காரணத்தைப் பிற்பாடு கன்னியம்மா அத்தையே பெருமையாகச் சொன்னார்: "நான்தான் எல்லாரையும் அடக்கினேன். புள்ள பரீட்சைக்குப் படிச்சிக்கினு கீது, எவளாவது வாயத் தொறந்தா மண்டைய ஒடச்சிடுவேன்னேன். நீ வேற கொடத்தக் கவுத்து வெச்சிருந்தியா? சரி, உங்களுக்கு வாணாம் போலன்னு ஆளுக்கு ஒண்ணு சேத்துப் புடிச்சிக்கினோம்."

ஒரு சந்தே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று என் இலக்கியத்தைக் காப்பாற்றியது. நான் ஒரு முழுக் கடலையும் தாளில் திறந்துவிட்டு நிமிர்ந்தேன். எதிரே ஈரத்தரை. தெருக்கோடியில் லாரியின் முதுகு.

அம்மா வந்தாள். குடங்களைப் பார்த்தாள்.

"தண்ணி எங்கடா?"

"லாரி போயிடுச்சும்மா."

"நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"எழுதிக்கினு இருந்தேன். ஒரே வெள்ளம்மா..."

(அந்தக் கடைசி வாக்கியத்தை ஏன் சொன்னேன் என்று இன்னும் எனக்கே புரியவில்லை.)

விஷயம் தெரிந்து பதறிப்போன கன்னியம்மா அத்தை, சந்தில் செலவாகாமல் மிச்சமிருந்த ஒரே குடம் தண்ணீரைக் கொடுத்தார். அதை வாசலில் இறக்கிவிட்டு, அக்காவிடம் நல்ல சேதி சொல்ல உள்ளே ஓடினேன். அந்த நேரம் பார்த்து நைனா வந்தார். விருந்தாளி வரும்போது வாசலில் மீன் நாற்றம் அடிக்கக் கூடாதே என்ற பொறுப்போடு, அந்தக் குடத்தைத் தூக்கி வண்டியைக் கழுவிவிட்டார். நான் வெளியே வந்தபோது வண்டி பளபளத்துக்கொண்டிருந்தது.

"பாத்தியாடா, சம்பந்தியம்மா மூக்கப் புடிக்கவே மாட்டா" என்றார்.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. பட்டுப்புடவையோடு சுவரோரம் உட்கார்ந்து, தலைக்கு வைக்க வேண்டிய பூவைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

நைனா கழுவின வண்டியிலேயே போய், பெட்டிக்கடையில் இருந்த சோடா பாட்டில்களையெல்லாம் ஏற்றிவந்தார். சாதா சோடா தீர்ந்துவிட்டதாம். அத்தனையும் பன்னீர் சோடா. அம்மா அதைத்தான் அடுப்பில் ஏற்றிக் காப்பி போட்டாள்.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளருக்குள் உற்றுப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, காப்பில கல்யாண மண்டப வாசன வருது?"

"நல்ல சகுனங்க" என்றார் நைனா.

கேசரி தின்ற பெரியவர் ஒருவர் கை கழுவ எழுந்தார். நான் கோலியை அழுத்தி டுப்பென்று ஒரு பாட்டிலைத் திறந்து அவர் கையில் ஊற்றினேன். கழுவக் கழுவ விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டின.

"இன்னாப்பா, கோந்து மாதிரி புடிச்சிக்கிச்சு?"

இன்னொரு பாட்டிலைத் திறந்தேன். வேறென்ன செய்ய? மாப்பிள்ளை சிரிப்பை அடக்கத் தரையைப் பார்த்தார். அவர் அம்மா சிரிக்கவில்லை.

"தம்பி இன்னா பண்ணுது?"

"படிக்குதுங்க" என்றாள் அம்மா. இழவு வீட்டில் சொல்வது போலச் சொன்னாள்.

தகவல் சொல்லி அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு வருடம் எந்தத் தகவலும் வரவில்லை. அக்கா வேலைக்குப் போனாள், வந்தாள், என்னோடு மட்டும் பேசவில்லை. நான் நாவலை எழுதி முடித்தேன். ஏழாவது வாசலுக்கு அப்பால் ஒருவர்கூடச் சந்தோஷமாக இல்லை.

கடைசியில் மாப்பிள்ளைதான் பிடிவாதம் பிடித்து அவர் அம்மாவை வழிக்குக் கொண்டுவந்தார். அந்த அம்மா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "கல்யாணத்துக்குத் தண்ணி பொண்ணு வூட்டுச் செலவு. லாரியா வந்து நிக்கணும். என் கண்ணால பாக்கணும்."

அதே வாரம் தி.நகர் பதிப்பாளர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கதை நல்லாருக்கு தம்பி. அந்த வெள்ளம் வர்ற அத்தியாயம் மட்டும் ஒரே இழுவை. எடுத்துட்டேன்."

"அப்ப ஏழாவது வாசல் எப்படி சார் திறக்கும்?"

"பூட்ட மறந்துட்டாங்கன்னு ஒரு வரி சேத்துட்டேன்."

(பணத்தை அன்றே கொடுத்துவிட்டார். புத்தகம் வரத்தான் நாலு வருடம் ஆனது.)

இப்போதும் வீட்டில் யாராவது என்னிடம் ஒரு வேலை சொன்னால், அக்கா புருஷன் குரல் கொடுப்பார்: "மச்சான், கொடம் நிமிந்து கீதா?"

கல்யாணத்தன்று மண்டப வாசலில், சம்பந்தியம்மா பார்க்க, லாரிக் குழாயைத் திறந்துவிட்டவன் நான்தான். லாரிக்கு ஐந்நூற்றைம்பது ரூபாய். நாவலுக்கு எனக்குக் கிடைத்தது ஐந்நூறு. குறைந்ததை அக்கா தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்து டிரைவரிடம் நீட்டினாள். பிறகு மாலையும் கழுத்துமாக என் பக்கம் திரும்பி, ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக என்னோடு பேசினாள்:

"அம்பது ரூவா."