இரண்டு 'ம்'முக்கு நடுவே

இனி ஜென்மத்துக்கும் "நான் பேசுறது காதுல விழுதா, இல்லையா?" என்று மனைவியிடம் பேச்சு வாங்குவதில்லை என்று சபதம் எடுத்தார் போர்டுக்காரர். ஏதோ பெரிய கம்பெனியின் போர்டில் உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். மெஷினுக்குள் இருக்கும் சர்க்யூட் போர்டு செய்கிறவர், அவ்வளவுதான்.

சபதத்துக்கு வழியும் வேலையிலிருந்தே கிடைத்தது. அவர் போர்டில் ஒரு சிப் உண்டு. உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிப் அதை ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்காது. அவ்வப்போது கண்ணைத் திறக்கும், அந்த நொடியில் இருப்பதைப் பிடித்து எண்ணாக மாற்றும், மறுபடி கண்ணை மூடிக்கொள்ளும். ஓவன் சூடு மாதிரி மெதுவாக மாறுகிற சமாச்சாரத்துக்கு அது தாராளம்.

வீட்டம்மா பேச்சும் மெதுவாகத்தான் மாறுகிறது என்று மனுஷர் கணக்குப் போட்டார். நாலு வாக்கியத்துக்கு ஒரு 'ம்' போதும். நடுவில் மனசு பாட்டுக்கு போர்டுக்குப் போய்விட்டு வரலாம்.

பிரமாதமாக வேலை செய்தது. "இப்பல்லாம் நல்லா கேக்குறீங்க" என்று வீட்டம்மாவே சொன்னாள். அதற்கும் "ம்" என்றார், பாவம்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தால் கட்டில்மேல் பெட்டி திறந்து கிடக்கிறது.

"எங்க கிளம்பிட்டே?"

"அக்காவோட கடற்கரைக்கு. பத்து நாள்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே."

"போகட்டுமான்னு கேட்டேன், ம்னீங்க. நீங்களே சமைச்சுக்குவீங்களான்னு கேட்டேன், ம்னீங்க. எதிர்வீட்டு டீச்சர் பக்கத்துலதான் இருந்தாங்க, வேணும்னா கேட்டுக்குங்க."

"அதெப்படி, எல்லாம் கரெக்டா 'ம்' வர்ற இடத்துலயே கேட்டிருக்கே?"

"நீங்க சொல்லிக்குடுத்ததுதான். ஓவன்னா எப்பவாவது பார்த்தாப் போதும். மோட்டார்னா அது ஆடுற வேகத்தைப்போல ரெண்டு மடங்குக்கு மேல பார்க்கணும், இல்லேன்னா ஆடுறது ஆடாத மாதிரியே தெரியும்னீங்களே. நீங்க சொன்னதை நான் முழுசா காதுல வாங்கினேன். என்னைப் போய் ஓவன்னு முடிவு பண்ணிட்டீங்க."

போர்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "சரி, என்னையும் கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

புடவை மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"அதைத்தாங்க முதல்ல கேட்டேன். கல்யாணமான புதுசுல போனோமே, அதே கடற்கரைக்கு நாம ரெண்டு பேரும் போகலாமான்னு. பதிலே வரல. அப்புறந்தான் உங்க 'ம்'மை எண்ண ஆரம்பிச்சேன். அந்தக் கேள்வி ரெண்டு 'ம்'முக்கு நடுவுல விழுந்திருந்துச்சு."

அவர் கட்டிலோரம் உட்கார்ந்தார். அவள் அதை எந்த முகத்தோடு கேட்டிருப்பாள்? அந்த நேரம் போர்டில் எந்தக் கம்பியைப் பற்றவைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தோமோ? எவ்வளவு யோசித்தும் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. கண் மூடியிருந்தபோது போனது போனதுதான்.

டாக்ஸி வந்தது. பெட்டியை அவரே தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். அவள் ஏறி உட்கார்ந்து கைப்பையைத் துழாவிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"நான் பண்ணது தப்புதான். இனிமே ஒரு வார்த்தை விடாம கேக்குறேன். அடுத்த தடவை நாம ரெண்டு பேரும் போகலாமா?"

பதில் இல்லை. டிரைவர் வண்டியைக் கிளப்பினார். வேறென்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டார்.

"குடை எடுத்துக்கிட்டியா?"

"ம்" என்றாள் வீட்டம்மா.