பின்வரிசைக்காரனுக்காக ஒரு ஜெபம்

பொறுமையில் என்னை மிஞ்சிய அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி ஸ்தோத்திரத்தோடு எழுதுவது. ஆண்டவர் கிருபையில் இங்கே நான் சுகம், உன் தம்பி மனைவி சுகம், என் இடது முழங்காலும் சுகம். வலது முழங்கால் மட்டும் இன்னும் விசுவாசத்தில் பலப்பட வேண்டியிருக்கிறது. அத்தானுக்குச் சர்க்கரை குறைந்ததா? உங்கள் எல்லோருக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். போன வாரம் மட்டும் என் ஜெபம் முழுவதும் வேறொருவர் மேல் போய்விட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இத்தனை பெரிய தாள்.

எங்கள் போதகர் புதிதாக ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார். ஆராதனை முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டில், பெயர் போடாமல், தன் தேவையை எழுதி ஒரு பிஸ்கட் டின்னில் போட வேண்டும். பிறகு ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதை எழுதியவருக்காக அந்த வாரம் முழுவதும் ஜெபிக்க வேண்டும். யாரிடமும் காட்டக் கூடாது. நான் என் முழங்காலை எழுதிப் போட்டேன். எனக்கு வந்த சீட்டில் குண்டு குண்டான கையெழுத்தில், "எனக்குப் பின்னால் உட்கார்ந்து பாடுகிறவரைச் சகித்துக்கொள்ள எனக்குப் பொறுமை வேண்டும்" என்று இருந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை அக்கா. தேவனுடைய வீட்டுக்கு வந்து நிம்மதியாக ஒரு பாட்டுப் பாட விடாமல் ஒரு ஜீவனை இப்படிப் படுத்துகிறவன் எவன் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கதவோரத்தில் உட்காரும் எலக்ட்ரீஷியன்தான் என்று முடிவுகட்டினேன். அவருக்கு முன்னால் ஆளே கிடையாது, தூண்தான் இருக்கிறது என்பது இரண்டு நாள் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது.

எவனாயிருந்தால் என்ன என்று ஜெபத்தை விடாமல் நடத்தினேன். சீட்டில் கேட்டிருந்தது பொறுமை மட்டும்தான். ஆனால் முப்பத்துநாலு வருஷம் லேத் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்தவன் நான். ஒரு மிஷின் கன்னாபின்னாவென்று இரைந்தால் பக்கத்தில் நிற்பவனைப் பொறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன், மிஷினைத்தான் நிறுத்துவேன். அதனால், "ஆண்டவரே, அந்த மனுஷனுடைய தொண்டையைக் கட்டிப்போடும்" என்று நானாகவே ஒரு வரி சேர்த்துக்கொண்டு, காலையும் மாலையும் கேட்டேன். புதன்கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. சாத்தான் சோதிக்கிறான் என்று இன்னும் உறுதியாகக் கேட்டேன். வெள்ளிக்கிழமை வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. சனிக்கிழமை, கொப்பளிக்க உப்புத் தண்ணீர் கொண்டுவந்த உன் தம்பி மனைவி, என் வேதப்புத்தகத்தில் செருகியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டாள்.

"இது யாரைப் பத்தின்னு உங்களுக்குத் தெரியலையா?" என்றாள். உதட்டைப் பிதுக்கினேன்.

"சரி, உங்களுக்கு முன்னால யாரு உக்கார்றது?"

'தையல்கார அம்மா' என்று தாளில் எழுதிக் காட்டினேன்.

"அவங்களுக்குப் பின்னால?"

எழுதப் பேனாவை எடுத்தேன். எடுத்தது எடுத்தபடி உட்கார்ந்துவிட்டேன். அவள் என் எதிரில் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சிரித்தாள், நன்றாகவே கேட்டது.

பதினோரு வருஷமாக அந்த அம்மாவின் காதுக்குப் பின்னால் நான் பட்டறை நடத்தியிருக்கிறேன் அக்கா. வெட்கமாக இருந்தது. அதைவிட வருத்தமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்கு இருக்கிற பெரிய சந்தோஷமே அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுதான், உனக்கே தெரியும். இருந்தாலும் மறுநாள் ஆராதனையில் புத்தகத்தைத் திறந்து வாயை மூடிக்கொண்டு நின்றேன். முதல் சரணம் எப்படியோ ஓடிவிட்டது. இரண்டாவதை யாருமே தொடங்கவில்லை. கீபோர்டு வாசிக்கும் டீச்சர் திரும்பி என்னைப் பார்த்தார். போதகரும் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். மூன்றாவது சரணத்தைச் சபை மூன்று கூட்டமாகப் பாடி, முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்தது. அதற்குள் தையல்கார அம்மாவின் குரல் பாதியில் நின்றுவிட்டது. அவர்கள் விசும்பியது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஜெபம் கேட்கப்பட்டதற்கு ஆனந்தக் கண்ணீர் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆகவே இனி நான் பாடுவதாக இல்லை. மனசுக்குள் பாடினால் ஆண்டவருக்குக் கேட்காமலா போகும்? அதனால் என் தொண்டை குணமாக வேண்டும் என்று தயவுசெய்து ஜெபிக்காதே. நீ ஜெபித்தால் நடந்துவிடும், அதுதான் பயம். எனக்கு இதில் பூரண சமாதானம். பூரணத்துக்குக் கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு அன்பு, பேத்திக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். கர்த்தர் உங்கள் வீட்டைச் சிரிப்புச் சத்தம் குறையாமல் காக்கட்டும்.

இப்படிக்கு,
அமைதியாகிவிட்ட உன் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகிற நேரத்தில் தையல்கார அம்மா வீட்டுக்கு வந்தார்கள். என் தொண்டைக்கு ஒரு பாட்டில் தேன். வைத்துவிட்டுப் போகாமல் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"அண்ணே, நான் ஒரு சீட்டு எழுதிப் போட்டேன். உங்களைப் பத்தித்தான். மன்னிச்சுக்குங்க" என்றார்கள். பரவாயில்லை என்று கையை ஆட்டினேன்.

"எங்க வீட்டுக்காரர் தவறிப்போய் எட்டு மாசம் ஆச்சு. பாட்டு ஆரம்பிச்சாலே எனக்கு அழுகை வந்துரும். எட்டு மாசமா வாராவாரம் அழுதுருக்கேன், ஒருத்தருக்கும் தெரியல. உங்க சத்தத்துல எனக்கே தெரியலண்ணே. இந்த வாரந்தான் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சீக்கிரம் குணமாகி வந்து பாடுங்க." வாசல் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி, "பாட்டு நல்லா இருக்குன்னு சொல்லல" என்றார்கள்.

அக்கா, ஆனந்தக் கண்ணீர் என்று எழுதியதை அடித்துவிடு. ஜெபிக்காதே என்றதையும் அடித்துவிடு. ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருக்கிறது, இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது. அதனால் நாளைக் காலை ஆறு மணிக்குப் போன் செய்கிறேன். எடுத்ததும் யாரும் பேசவில்லை என்றால் நான்தான். வைத்துவிடாமல் ஜெபிக்க ஆரம்பித்துவிடு.