கைபேசிக்குள் மாட்டிக்கொண்ட கொலைகாரன்

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த என் தங்கைக்கு,

அக்கா எழுதுவது. என் உடல்நலத்தில் குறையேதும் இல்லை. உன் முழங்கால் வலி தணிந்திருக்கும் என்று எண்ணிக்கொள்கிறேன். தணியவில்லையென்றால் விவரங்களை உன் பதிலில் எழுது, இந்தக் கடிதத்தில் அதற்கு இடமில்லை. நான் அதிர்ச்சியில் உறைந்து போயிருக்கிறேன். இந்தச் சொல்லை நான் எளிதில் கையாள்பவள் அல்ல என்பதை நீ அறிவாய். நீ திருமணம் செய்துகொள்ளத் தேர்ந்தெடுத்த ஆளை முதன்முதலில் பார்த்தபோதுகூட ‘வியப்பு’ என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

நான் ஒரு துப்பறியும் நாவல் எழுதி முடித்திருக்கிறேன். உன்னிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. பணிக்காலம் முழுவதும் பல்கலைக்கழகத்தில் தர்க்கம் கற்பித்தவள் ஓய்வுபெற்ற பிறகு பிணங்களோடு பொழுதுபோக்குவது வெளியே தெரிந்தால் என் பழைய மாணவர்கள் என்ன நினைப்பார்கள்? கை நடுக்கத்தால் ஒரு பக்கத்துக்கு மேல் எழுத முடிவதில்லை (இந்தக் கடிதம் எவ்வளவு நீள்கிறது என்பதை வைத்தே என் கோபத்தை நீ அளந்துகொள்ளலாம்), ஆகவே அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, அத்தியாயம் அத்தியாயமாகக் கைபேசியில் பேசிப் பதிவு செய்தேன். பதிப்பாளர் மாத முடிவுக்குள் கேட்டிருக்கிறார். நாவலுக்கு வேறு பிரதி கிடையாது. வேறிடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளட்டுமா என்று அந்தக் கருவி கேட்ட ஒவ்வொரு முறையும் ‘வேண்டாம்’ என்பதையே அழுத்தினேன். முன்பின் அறியாத ஒரு நிறுவனத்திடம் கொலையாளி யார் என்பதை நான் ஏன் சொல்லி வைக்க வேண்டும்?

பாதுகாப்பில் நான் குறைவைக்கவில்லை. ஒவ்வோர் அத்தியாயம் முடிந்ததும் கைபேசியின் கடவு எண்ணை மாற்றிவிடுவேன். எண்ணை மனப்பாடம் செய்வது மூளையற்றவர்களின் வேலை. எண்ணை உருவாக்கும் விதியை நினைவில் வைத்தால் போதும் என்பது என் கொள்கை. கொள்கை நன்றாகத்தான் இருந்தது, விதியே மறந்துபோகும்வரை. அன்றாடம் விரலை வைத்தே திறந்துகொண்டிருந்ததால் மறந்ததுகூடத் தெரியவில்லை. ஒருநாள் காலை அந்தக் கருவி தன்னைத்தானே அணைத்துக்கொண்டு, தன்னைத்தானே எழுப்பிக்கொண்டு, எண் சொன்னால்தான் ஆயிற்று, விரலெல்லாம் அப்புறம் என்று நின்றது. தெரிந்த விதிகளையெல்லாம் போட்டுப் பார்த்தேன். தவறு, தவறு என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தவறுக்கும் முன்னைவிட நீண்ட நேரம் காத்திருக்கச் சொன்னது. என் வகுப்பில் தேறாத எந்த மாணவனையும் நான் இப்படி நடத்தியதில்லை.

சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னேன். நாவலைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. முக்கியமான பதிவுகள் என்று மட்டும் சொன்னேன். மகன் ரொட்டியைக் கடித்த வாயோடு அப்படியே நின்றுவிட்டான். பல் மருத்துவரான என் மருமகள்தான் முதலில் பேசினாள்.

“நல்லா யோசிச்சுப் பாருங்க அத்தை. ஏழுல ஆரம்பிக்கற மாதிரி ஏதாவது?”

“ஏழுன்னு ஏன் சொல்றே?”

“சும்மாதான். ஏழு நல்ல நம்பர்.”

“அதுக்கப்புறம் ரெண்டு பூஜ்யம்கூட வரலாம்மா,” என்றான் மகன், உப்பு டப்பாவைப் பார்த்துக்கொண்டு. “பொதுவாச் சொல்றேன்.”

கூடத்தைத் துடைத்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண் தலையை நிமிர்த்தாமலே, “கடைசியில நாலு போட்டுப் பாருங்கம்மா,” என்றாள்.

“எண்ணைக் கண்டுபிடிக்கறது என்ன ஏலமா, ஆளாளுக்குக் கேக்கறதுக்கு?” என்று மூவரையும் அடக்கினேன். ஊகம் அறிவாகாது என்று சிறிய உரையும் ஆற்றினேன். தர்க்கம் கற்பித்தவள் நான். அந்த மேசையில் என் கண்முன் கிடந்த சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நீ இந்நேரம் புரிந்துகொண்டிருப்பாய். நான் புரிந்துகொள்ளவில்லை.

மறுநாள் நான், மகன், மருமகள் மூவருமாகக் கைபேசி பழுதுபார்க்கும் கடைக்குப் போனோம். மகனுக்கு அலுவலகம் இருந்தது. வர வேண்டாம் என்றேன், வந்தான். மருமகள் யாருடைய வாயையோ பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கடைக்காரர் நெற்றியில் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முதுகு திறந்து கிடந்த கைபேசிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

“நம்பர் தெரியலன்னா ஒரே வழிதான் மேடம். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிக்கணும்.”

“உள்ளே இருக்கறது?”

“போயிடும்.”

“எதுவுமே மிஞ்சாதா?”

“போன்தான் மிஞ்சும் மேடம்.”

வேறு கடைகளிலும் கேட்கலாமே என்றேன். எங்கே போனாலும் இதேதான், வேறு மாதிரி சொல்பவன் ஏமாற்றுகிறான் என்றார். ஆண்டுக்கணக்கான உழைப்பு, தங்கையே. ஒரு கொலை, அதை மறைக்க இன்னொரு கொலை, எத்தனை பொய்ச்சாட்சிகள், எல்லாம் என் உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் இருக்கின்றன, என்னாலேயே எட்ட முடியவில்லை. நாற்காலியைக் கேட்டு வாங்கி உட்கார்ந்துவிட்டேன்.

“அழிச்சிடலாம்மா,” என்றான் மகன். அவன் குரலில் இருந்த உற்சாகம் எனக்குப் பிடிக்கவில்லை. “போனது போகட்டும். எல்லாத்தையும் புதுசா ஆரம்பிச்ச மாதிரி இருக்கும்.”

“புதுசா ஆரம்பிக்கறதுன்னா உன்னைப் பெத்ததுக்கு முன்னாடியிலேருந்து ஆரம்பிக்கறேன், பரவாயில்லையா?”

ஆனாலும் வேறு வழி தெரியாமல் தலையசைத்தேன். கடைக்காரர் கைபேசியைக் கணினியோடு இணைக்கும் கம்பியைச் செருகினார். “அழிச்சா திரும்ப வராது. அழிக்கட்டுமா?” என்று கடைசி முறையாகக் கேட்டார். அப்போதுதான் மருமகள் கத்தினாள்.

“நிறுத்துங்க! ஏழு, பூஜ்யம், பூஜ்யம், மூணு, ஒண்ணு, நாலு!”

மகன் கண்களை மூடிக்கொண்டான். கடைக்காரர் எண்களை அழுத்தினார். கைபேசி திறந்துகொண்டது.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“வீட்ல எல்லாருக்கும் தெரியும் அத்தை. நம்பரை மாத்தும்போது நீங்க வாய்விட்டுச் சொல்லிக்கிட்டேதானே அழுத்துவீங்க, போர்டுல எழுதற மாதிரி. மாடி வீட்டுக்காரங்களுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும்.”

“பின்னே நேத்தே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா, திறந்து கேட்டது தெரிஞ்சிடுமே.” அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். “முதல் அத்தியாயத்துல செத்துப்போற கண் டாக்டர் நான்தானே?”

தங்கையே, உன்னிடம் மறைப்பதற்கில்லை. அவள்தான். பல் மருத்துவரைக் கண் மருத்துவராக்கியிருந்தேன். ஒரு மனுஷியை மறைக்க அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

“அது கற்பனை,” என்றேன்.

“ஈரத்துண்டைக் கட்டில்ல போடறா. ஜோக்கைச் சொல்லி முடிக்கறதுக்கு முன்னாடி அவளே சிரிச்சிடறா. பாதி காபியோட கோப்பையை வாஷிங் மெஷின் மேல வெச்சிட்டு மறந்துடறா. சரி, கற்பனைன்னே வெச்சுக்கலாம். அவ புருஷன் கொல்லலைன்னு மட்டும் சொல்லிடுங்க. இவர் தூங்கவே மாட்டேங்கறார்.”

“அந்தப் புருஷன்மேலதாம்மா எல்லாச் சந்தேகமும் விழுது,” என்றான் மகன், கண்களைத் திறக்காமல். அவன் ஏன் அழிக்கச் சொன்னான் என்பது அப்போதுதான் விளங்கியது.

“சந்தேகம் அவன்மேல விழணும்னுதானே அப்படி எழுதினேன், மடையா.”

“எனக்கு அதுகூடப் பரவாயில்ல அத்தை,” என்றாள் அவள். “கடைசி அத்தியாயத்தைக் கேக்கறதுக்குள்ள பூட்டிக்கிச்சு, நீங்களும் போனைக் கையை விட்டு இறக்கவே இல்ல. யாரு கொன்னதுன்னே தெரியாம செத்தவளா நடமாடறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? அப்புறம், அந்தத் தோட்டக்காரனுக்குப் பாதிக் கதையில வலது கை உடைஞ்சிடுது. அடுத்த அத்தியாயத்துல அதே கையால ஏணியைத் தூக்கறான். அதையும் பாத்துக்குங்க.”

தர்க்கம் கற்பித்தவளிடம், தங்கையே! ஒரு கடையில் வைத்து!

“யாருங்க மேடம் கொன்னது?” என்றார் கடைக்காரர், நெற்றிக் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு. பின்னால் நின்ற வாடிக்கையாளரும் பதிலுக்காகக் காதைக் கொடுத்தார். நான் கைபேசியைப் பிடுங்கிக்கொண்டு வெளியேறினேன்.

இப்போது நீயே சொல். நான் கொன்ற ஆள் காலையில் எனக்கு எதிரே உட்கார்ந்து ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறாள். ‘உப்பை எடுத்துக் கொடு’ என்று கேட்கக்கூட நா எழவில்லை. செத்தது தான்தான் என்று தெரிந்தவள் இருக்கும் வீட்டில் கொன்றவளால் எப்படிக் குடியிருக்க முடியும்? ஆகவே முடிவு செய்துவிட்டேன். அடுத்த வாரம் உன் வீட்டுக்கு வருகிறேன், திரும்பிப் போகும் எண்ணமில்லாமல். ஜன்னல் உள்ள பின்னறையை எனக்கு ஒழித்துக் கொடு. உன் கணவரின் பழைய செய்தித்தாள் மூட்டைகள் அங்கே கிடந்தால் அப்புறப்படுத்து; கணவரையும் அந்தப் பக்கம் அடிக்கடி வரவிடாதே. நான் பதிவு செய்யும்போது வீடு அமைதியாக இருக்க வேண்டும். கூடப்பிறந்தவள் என்று ஒருத்தி இருப்பது இப்படிப்பட்ட நாளுக்குத்தான். இதையெல்லாம் காகிதத்தில் எழுதுவதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை.

நீயும் உன்னைச் சேர்ந்தவர்களும் எல்லா நலன்களும் பெற்று, என் வருகைக்கு ஆயத்தமாக இருக்க ஆசிகள்.

உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் மருமகள் அறைக்குள் வந்தாள். உன் வீட்டோடு போய்விடப் போகிறேன் என்று சொன்னேன். அவள் தன் கைபேசியை எடுத்து நீட்டினாள். அதற்குப் பூட்டே கிடையாது. சென்ற மாதம் நீ அவளுக்கு அனுப்பிய செய்தியைப் படித்தேன். “கண்ணு, அக்கா எப்பவாவது இங்க வரேன்னு கிளம்பினா எதையாவது சொல்லித் தடுத்துடும்மா. அவ உள்ள வந்தா நான் வெளிய போகணும். உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்.” ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம், அறையை ஒழிக்க வேண்டாம், மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நாவலில் சிறு திருத்தம் செய்யப் பதிப்பாளரிடம் அவகாசம் கேட்டிருக்கிறேன். கண் மருத்துவர் பிழைத்துக்கொண்டாள். துப்பறிவதும் இனி அவள்தான். முதல் அத்தியாயத்தில் சாகிறவள் ஒரு பேராசிரியையின் தங்கை. விஷத்தை எதில் கலப்பது என்பதில் மட்டும் மருமகளுக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.