தலைவர் இலையை மூடிய ஹருகா

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மலேசியாவுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் என்னை ஒரே ஒரு முறைதான் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு யாரும் என்னை எதற்கு நடுவிலும் நிறுத்தவில்லை.

அப்போது நான் கோலசிலாங்கூரில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன், பதினாறு வயது. பள்ளிக்கு மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்று வந்தது. ஜப்பானிய மாணவி ஒருத்தியை இரண்டு வாரம் வீட்டில் வைத்துக் கவனிக்க வேண்டும். அப்படிக் கவனித்தவர்களில் ஒருவரை அடுத்த வருடம் ஜப்பானுக்கு அனுப்புவார்கள். "நீங்கள் எல்லாரும் குட்டித் தூதர்கள்" என்றார் பொறுப்பாசிரியை. எனக்கு அன்றைக்கே தலைக்கனம் ஏறிவிட்டது. (பக்கத்து ஊரான தஞ்சோங் காராங்கைத் தாண்டி வடக்கே போகாத தூதர்!)

ஜப்பானுக்குப் போக ஒரு பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதில் பெற்றோர் ஆசிரியர் சங்கத் துணைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அவரேதான் எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயிலுக்கும் தலைவர். ஊரில் அவரை எல்லாரும் தலைவர் என்றே கூப்பிடுவார்கள். அவர் மனைவிகூட அப்படித்தான், ஆனால் வேறு தொனியில்.

ஹருகா வந்தாள். என் தோள் உயரம், பெட்டி அவளைவிடப் பெரிது. பள்ளியில் எனக்கு இரண்டு தாள் கொடுத்திருந்தார்கள். ஒன்று ஜப்பானியர் பழக்கவழக்கங்கள் பற்றியது. இன்னொன்றில், எங்கள் வீட்டுப் பழக்கங்களை அவளுக்கு விளக்கிவிட்டதாகக் கட்டம் கட்டமாக டிக் போட வேண்டும். முதல் தாளைப் படிக்கவில்லை. இரண்டாவது தாளில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டேன், கையெழுத்தும் அழகாக இருந்தது.

முதல் நாள் அம்மா தோசை வைத்தார். ஹருகா துளி மிச்சமில்லாமல் சாப்பிட்டாள். காலித் தட்டைப் பார்த்ததும் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. இன்னும் இரண்டு வைத்தார். அதையும் முடித்தாள். மறுபடி இரண்டு.

"பாவம்டி, எத்தன நாள் பட்டினியோ" என்றார் அம்மா.

"இந்த வீட்டுல ஒன் சமையல மிச்சம் வைக்காம சாப்புடுற மொத ஆளு இவதான் லா" என்றார் அப்பா. எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுபவர். பாரம் ஏற்றுவதைப் பார்த்தால் அவருக்கு ஒரு திருப்தி.

எனக்கும் பெருமைதான். இப்படிச் சாப்பிடுகிற விருந்தாளி போய் நம்மைப் பற்றி நல்லபடியாகத்தானே எழுதுவாள்! மூன்றாம் நாள் அவளுக்குப் "போதும்" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தேன். சொன்னாள். "வெக்கப்படுறா" என்று சொல்லி அம்மா இன்னொரு கரண்டி வைத்தார்.

சனிக்கிழமை குரங்குகள் திரியும் புக்கிட் மெலாவாத்திக் குன்றுக்குக் கூட்டிப் போனோம். அம்மா கட்டிக்கொடுத்த வடைப் பொட்டலத்தை ஒரு குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடியது. நாங்கள் கத்தினோம். ஹருகா அந்தக் குரங்கைப் பார்த்துக் குனிந்து வணங்கினாள். ஜப்பானியர்கள் எவ்வளவு மரியாதையானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். இந்த மூளையை வைத்துக்கொண்டுதான் நான் தூதராகப் போயிருந்தேன்.

ஒன்பதாம் நாள் ஹருகாவுக்கு வயிறு உப்பிப்போய், கிளினிக். டாக்டர் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டார். அம்மா காலையிலிருந்து வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். டாக்டர் மதியத்தோடு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்த முதல் தாளைத் தேடினேன். சோற்றுக் குக்கருக்கு அடியில் இருந்தது. அம்மா விரித்திருக்கிறார். 'தட்டில் உணவை மிச்சம் வைப்பது ஜப்பானியர்களுக்கு மரியாதைக் குறைவு' என்று இரண்டாவது வரியிலேயே போட்டிருந்தது. அந்தப் பெண் அம்மாவை அவமதிக்கக் கூடாது என்று தட்டைக் காலி செய்திருக்கிறாள். அம்மா அவளை அவமதிக்கக் கூடாது என்று தட்டை நிரப்பியிருக்கிறார். நடுவில் தூதர் மட்டும் நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப என் கையால சாப்ட்டதுதான் அவளுக்கு வினையா?" என்று கண் கலங்கிவிட்டார். நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டு வேறு வழி கண்டுபிடித்தேன். இனி வாழை இலையில் சாப்பிடலாம், அதுதான் நம் பண்பாடு என்றேன். ஹருகாவைத் தனியே அழைத்து, இலையின் மேல் பாதியை உன் பக்கமாக மடித்துவிடு, அதன்பிறகு யாரும் உனக்குப் பரிமாற முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அன்று மதியம் அவள் மடித்தாள். அம்மாவின் கரண்டி பாதி வழியில் நின்றது. ஹருகா என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிறையிலிருந்து வெளியே வந்தவள் முகம் அது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. ஜப்பான் விமானத்தில் ஜன்னல் சீட்டு கேட்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் திருவிழா, அன்னதானம். நீள மேசையில் ஹருகாவுக்கு ஒரு பக்கம் நான், மறு பக்கம் தலைவர். பக்கத்தில் உட்கார வைத்தால் கடிதத்துக்கு உதவும் என்று இடம் போட்டதும் நான்தான்.

தலைவர் மூன்றாவது முறை சோறு வாங்கி முடித்திருந்தார். வாளியோடு வந்த பையன் இலை நிறையப் பாயசம் ஊற்றினான்.

"போதும்பா, போதும் போதும்" என்றார் தலைவர்.

"இன்னுங் கொஞ்சம் தலைவரே" என்று இன்னொரு கரண்டி ஊற்றினான்.

"ஐயோ, போதும்பா!"

'போதும்' என்ற சொல் ஹருகாவுக்குத் தெரியும். அதைச் சொல்லியும் கேட்க ஆளில்லாத வேதனை அவளைவிட யாருக்குத் தெரியும்? அடுத்த கரண்டி எழும்பியது. ஹருகா எழுந்தாள், கையை நீட்டினாள், தலைவரின் இலையைப் பட்டென்று அவர் பக்கமாக மடித்தாள்.

பாயசம் முழுக்க அவர் மடியில். பட்டு வேட்டி. முந்திரிப் பருப்பு ஒன்று பெல்ட்டில் ஒட்டியிருந்தது. ஹருகா அவரிடம் மெல்லச் சொன்னாள்: "போதும்."

முதலில் சிரித்தது தலைவரின் மனைவி. "சக்கர ஏகத்துக்கு ஏறிக் கெடக்கு, நான் இருவது வருசமா சொல்றேன், கேட்டாரா? ஒரு சின்னப் புள்ள வந்து மூடிருச்சி!" பிறகு பந்தி முழுவதும் சிரித்தது. தலைவர் சிரிக்கவில்லை. ஹருகா விஷயம் புரிந்து குனிந்தவள், கைகழுவும் இடம் வரைக்கும் அவர் பின்னாலேயே குனிந்துகொண்டு போனாள்.

கடிதம் வரவில்லை. என் வகுப்புத் தோழி ஒருத்தி ஜப்பானுக்குப் போனாள். அன்று நான் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஹருகா மேல் கோபமே வரவில்லை. டிக் போட்ட அந்தக் கைமேல்தான் வந்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது போதும் என்றால், "சும்மா போதுமா, இல்ல ஹருகாவக் கூப்புடவா?" என்று அப்பா கேட்பார். தலைவர் என் கல்யாணத்துக்கு வந்தபோது பாயசத்துக்கு முன்பே இலையைத் தானே மூடிவிட்டார். கல்யாணத்துக்கென்றே ஜப்பானிலிருந்து வந்த ஹருகா அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

போன வருடம் ஒருவழியாக, என் சொந்தச் செலவில், ஜப்பானில் ஹருகாவின் வீட்டுக்குப் போனேன். அந்த முறை பழக்கவழக்கமெல்லாம் படித்துவிட்டுத்தான் போனேன். அவளுடைய அம்மா வைத்த சோற்றைப் பருக்கை விடாமல் சாப்பிட்டேன். உடனே கிண்ணத்தை நிரப்பினார். முடித்தேன். மறுபடி நிரப்பினார். தமிழர் வீட்டுப் பெண் முன்னால் காலிக் கிண்ணம் இருக்கக் கூடாது என்று மகள் சொல்லிவைத்திருக்கிறாள். மூடுவதற்கு இலையும் இல்லை. "போதும்" என்று கெஞ்சினேன்.

அந்த அம்மா மகளிடம் கற்றுவைத்திருந்த தமிழில் அன்பாகச் சொன்னார்: "இன்னுங் கொஞ்சம்."

அன்று படுத்த படுக்கையில் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கடைசி வரைக்கும் கேட்டார்.

"நல்ல குடும்பம்டி" என்றார்.