யாருக்கென்று சொல்லாமல் பிடித்த வேன்

யாருக்காக என்று சொல்லாமல் கையெழுத்துப் போட்டால், போட்டவரே முழுப் பொறுப்பாம். சரசாக்கா, இதை எனக்கு முதலில் சொன்னது நம் மாடிவீட்டு வக்கீல் வித்யா. போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எனக்குப் பாதி புரிந்தது. என் வீட்டுக்காரர் இருதயராஜுக்குக் கால்வாசி.

பிள்ளைகளுக்கெல்லாம் நல்லபடியாகக் கல்யாணம் ஆகிவிட்டது. அவரோடு வேளாங்கண்ணிக்குப் போய் மாதாவுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒன்பது வருஷமாகக் கூப்பிடுகிறேன். "கூட்டம் எனக்கு ஆவாது. நீ போய் வா" என்பார்.

இந்த வருஷம் எங்கள் ஜெபக்குழுவே போகிறது. வேன் பிடிக்கும் பொறுப்பு குழுவிலுள்ள வனஜாவின் கணவர் பால்ராஜுக்கு. அவர் என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டாராம்.

"மச்சான், பூந்தமல்லி கிருபாகரன் எனக்கு வேன் தரமாட்டான். போன தபா மெழுகுவத்தி உருகி சீட்டெல்லாம் வீணாப்பூட்ச்சி. உன் பேர்ல புடிச்சுக் குடு. என் பேர இழுக்காத."

"யாருக்குடா?"

"தெரிஞ்சவங்களுக்குத்தான்."

ஆவடி பேக்டரியில் முப்பது வருஷம் எதையும் மூன்று தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர், கிருபாகரனின் வேன் ஒப்பந்தத்தைப் படிக்காமலே போட்டுவிட்டார்.

செவ்வாய்க்கிழமை கிருபாகரன் போன் செய்தார். "சார், வெள்ளிக்கெயம காலைல அஞ்சு மணிக்கு ரெடியா இருங்க."

"நான் எதுக்குப்பா? இன்னொருத்தருக்காகத்தான் புடிச்சேன்."

"அத்த அன்னிக்கே சொன்னீங்களா? கையெழுத்துப் போட்டவரு கூட வரணும்னு எழுதிக்கீதே. நீங்க வரலன்னா வண்டியும் வராது."

மாடிக்கு ஓடினார். நானும் பின்னாலேயே.

"வேன்காரருக்கு நீங்கதான் பார்ட்டி, அங்கிள். உங்கள அனுப்பினவர அப்புறம் நீங்க கேட்டுக்கலாம்," என்றாள் வித்யா.

பால்ராஜையும் வனஜாவையும் மாடிக்கே வரவழைத்து, முதலில் பால்ராஜைக் கேட்டார். "வனஜாதான் உன் பேரச் சொல்லிச்சு, மச்சான்."

வனஜாவைக் கேட்டார். "அக்காதாண்ணே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் யார்கிட்டயும் சொல்லலீங்க. ஜெபத்துலதான் கேட்டேன். 'மாதாவே, வேனுக்கு அவரு கையெழுத்துப் போடணும்'னு."

"மனசுக்குள்ளயா?"

"கொஞ்சம் சத்தமா. வனஜா பக்கத்துல முட்டி போட்டிருந்தா."

"போட்டவன் கூட வரணும்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"போன வருஷம் சீட்டுல மெழுகு சுரண்டுனது நான்தானே? இனிமே கையெழுத்துப் போட்டவரும் கூட வரணும்னு அப்பவே கிருபாகரன் சொல்லிட்டாரு."

அவர் வித்யாவிடம் திரும்பினார். "இவ மேல கேஸ் போடலாமாம்மா?"

"போடலாம் அங்கிள். வெள்ளிக்கிழமைக்குள்ள கோர்ட்டுல கேஸுக்கு நம்பர்கூட குடுக்க மாட்டாங்க."

யார் யாருக்காகப் பேசினார்கள் என்று எனக்கு இன்னும் குழப்பம்தான். சரசாக்கா, ஞாயிறுவரை எங்கள் பால் பாக்கெட்டை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தத் தடவை வீட்டில் ஆளில்லை.